கடலோர வீடுகளின் சான் பெட்ரோ விழா

ஜூன் 23ஆம் நாள் மாலை. மலாக்கா நகருக்கு அருகே, ஊஜோங் பாசிர் கடற்கரையை ஒட்டியுள்ள போர்த்துகீசியர் குடியிருப்பில் இருள் கவியத் தொடங்குகிறது. வீட்டு வாசல்களிலும் வேலிகளின் மீதும் படிக்கட்டுகளிலும் மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன. கடற்காற்று சற்று வேகமாக வீசினாலே சுடர் அணைந்துவிடும். அணைந்ததை மறுபடியும் ஏற்றும் வேலை பெரும்பாலும் சிறுவர்களுடையது. தெருவின் ஒரு முனையில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒளி வரிசையாகத் தெரியும். தமிழ் மாணவர்களுக்கு இக்காட்சி திருக்கார்த்திகையை நினைவூட்டக்கூடும்.

இது சான் ஜுவாங் விழா. இயேசுவுக்குத் திருமுழுக்கு அளித்த யோவானின் பிறந்த நாள் ஜூன் 24 அன்று கொண்டாடப்படுகிறது. அதற்கு முந்திய இரவே விளக்கேற்றும் இரவு. அடுத்த ஆறாம் நாள், அதாவது ஜூன் 29, சான் பெட்ரோ விழா. மீனவர்களின் பாதுகாவலரான புனித பேதுருவின் நாள் அது. முதல் விழாவில் வீட்டு வாசல் அலங்கரிக்கப்படுகிறது. அடுத்த விழாவில் படகு அலங்கரிக்கப்படுகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட வாரம் முழுவதும் குடியிருப்பின் அடுக்களைகள் ஓய்வதில்லை.

இவ்விழாவைக் கொண்டாடுபவர்கள் கிறிஸ்தாங் மக்கள். 'கிறிஸ்தாங்' என்பது கிறிஸ்தவர் எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. மலாய்மொழியில் இவர்களைச் 'செரானி' என்பர். 1511ஆம் ஆண்டில் அபோன்சோ டி அல்புகெர்க்கே தலைமையில் வந்த போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களுடன் வந்தவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். அம்மணங்களின் வழியாகத் தோன்றிய சமூகமே இது. ஐரோப்பா, மலாய்த் தீவுகள், இந்தியா ஆகிய மூன்று இடங்களின் சாயலும் இவர்களின் முகத்திலும் பேச்சிலும் உணவிலும் கலந்துள்ளன.

இவர்களின் தாய்மொழிக்குப் பாப்பியா கிறிஸ்தாங் என்று பெயர். 'பாப்பியா' என்றால் பேசுதல். சொற்களில் பெரும்பாலானவை போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. சொற்களை அடுக்கும் முறையோ வேறு. போர்த்துகீசிய மொழியில் 'வீடு' என்ற சொல் முதலில் வரும். உரியவரின் பெயர் பின்னால் வரும். கிறிஸ்தாங்கில் உரியவர் முதலில் வருவார். இந்தக் குடியிருப்பின் பழைய பெயரே அதற்கு நல்ல சான்று: 'பாத்ரி சா சாங்'. பாதிரியின் நிலம் என்பது அதன் பொருள். பாத்ரி என்பது பாதிரியார், 'சா' என்பது வேற்றுமை உருபு போல நிற்கும் சொல், 'சாங்' என்பது நிலம். தமிழிலும் நாம் இதே வரிசையில்தான் சொல்கிறோம். இலக்கணப் பாடத்தில் ஆறாம் வேற்றுமை படிக்கும் மாணவருக்கு இது வியப்பளிக்கும் செய்தி.

பாதிரியின் நிலம் என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கிறிஸ்தாங் மீனவர்கள் மலாக்காக் கடலோரத்தில் அங்குமிங்குமாக வறுமையில் வாழ்ந்து வந்தனர். அவர்களை ஓரிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று இரண்டு குருமார்கள் முயன்றனர். ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் போர்த்துகீசியர். சுமார் 28 ஏக்கர் பரப்புள்ள சதுப்பு நிலம் பெறப்பட்டது. 1930களில் அங்கே மரவீடுகள் எழுந்தன; கூரைக்கு அத்தாப்பு வேயப்பட்டது. வாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே கடல். மீனவனுக்கு வேறென்ன வேண்டும்?

இவ்விழாக்களின் பிறப்பிடம் போர்த்துகல். அந்நாட்டில் ஜூன் மாதம் புனிதர்களின் மாதம். 13ஆம் நாள் அந்தோனியார், 24ஆம் நாள் யோவான், 29ஆம் நாள் பேதுரு என மூன்று விழாக்கள் அடுத்தடுத்து வரும். தெருக்களில் தீ மூட்டுவர். மத்தி மீனைத் தணலில் சுடுவர். ஐரோப்பாவில் அது ஆண்டின் மிக நீண்ட பகற்பொழுதுகள் நிலவும் காலம். மலாக்காவில் ஜூன் மாதப் பகலும் டிசம்பர் மாதப் பகலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். எனினும் கடல் கடந்து வந்தவர்கள் நாளை மாற்றவில்லை. நெருப்பை மட்டும் சிறு மெழுகுவர்த்தியாக மாற்றிக்கொண்டார்கள் எனலாம். யோவானை எரிந்து சுடர்விடும் விளக்கோடு ஒப்பிடும் இடம் விவிலியத்திலும் உண்டு.

பேதுரு யார்? கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்த மீனவர் அவர். இயற்பெயர் சீமோன். அவருடைய சகோதரர் அந்திரேயாவும் மீனவரே. இயேசு இருவரையும் அழைத்தபோது வலைகளை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னே சென்றனர். 'பாறை' எனப் பொருள்படும் பேதுரு என்ற பெயரை இயேசுவே அவருக்குச் சூட்டினார். பெயர் பாறையானாலும் அவர் அசையாத மனிதர் அல்லர். கடல்மீது நடந்து வரும்படி இயேசு அழைத்தபோது துணிவுடன் இறங்கினார். காற்றைக் கண்டதும் அஞ்சி மூழ்கத் தொடங்கினார். இயேசு கைது செய்யப்பட்ட இரவில், சேவல் கூவுவதற்குள் மூன்று முறை அவரைத் தெரியாது என்று மறுத்தார். பிறகு மனம் கசந்து அழுதார். அச்சமும் அழுகையும் கொண்ட இந்த மனிதரைத்தான் மீனவர்கள் தங்கள் புனிதராக வைத்துக்கொண்டனர். கடலில் அஞ்சாத மீனவன் யார்? ரோமாபுரியில் அவர் சிலுவையில் தலைகீழாக அறையப்பட்டு உயிர்நீத்தார் என்பது மரபு. அவருடன் புனித பவுலும் நினைவுகூரப்படும் நாளே ஜூன் 29.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை இராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். 'பவுலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் 'சிறிய' என்று பொருள். அதுவே சின்னப்பர் ஆயிற்று. தமிழ் மீனவர்களுக்கும் மலாக்காவுக்கும் வேறொரு தொடர்பும் உள்ளது. 1542ஆம் ஆண்டு முதல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே பணியாற்றிய புனித பிரான்சிஸ் சேவியர் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். அவர் 1552இல் சீனக் கடற்கரையை ஒட்டிய தீவு ஒன்றில் இறந்தபின் அவருடைய உடல் முதலில் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டுக் குன்றின் மேலுள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னரே கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

அந்தக் குன்றுக் கோவிலின் கதையோடு கிறிஸ்தாங் மக்களின் துயரக் காலமும் பிணைந்துள்ளது. 1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சபையைச் சேர்ந்தவர்கள். குன்றின் மேலிருந்த தேவாலயத்தைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டனர். கத்தோலிக்கக் குருமார்கள் வெளியேற்றப்பட்டனர். திருப்பலிக்குத் தடை விதிக்கப்பட்டது. கோவில் இல்லை, குரு இல்லை, ஆதரிக்க அரசும் இல்லை. மக்கள் வீடுகளிலும் ஊருக்கு வெளியே மறைவான இடங்களிலும் கூடி வேண்டினர். பொதுமக்களுள் சிலர் 'இர்மாங் டி கிரேசா', அதாவது கோவிலின் சகோதரர்கள், என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து வழிபாட்டு முறைகள் மறைந்துவிடாமல் காத்தனர். அச்சகோதரர்களின் மரபு இன்றும் புனித வார ஊர்வலங்களில் தொடர்கிறது.

பிற்காலத்தில் டச்சுக்காரர்களின் கெடுபிடி தளர்ந்தது. 1710இல் ஒரு தேவாலயம் கட்ட வழி பிறந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் கத்தோலிக்கத் தேவாலயங்களுள் அதுவே மிகப் பழையது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் புனித பேதுரு ஆலயம்.

அந்தத் தேவாலயம் எழும்வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், புனிதர்களின் நாள்கள் வீட்டுச் சுவர்களுக்குள்தான் உயிர்வாழ்ந்தன. இன்று இவ்விழாக்களில் வீடு பெறும் இடத்தைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு உதவும். கிறிஸ்தாங் இல்லங்களின் முன்கூடத்தில் இயேசுவின் படமும் மாதாவின் படமும் உள்ள சிறு பீடம் இருக்கும். விழா நெருங்கும்போது அதுதான் முதலில் தூய்மை செய்யப்படும். பழைய துணிவிரிப்பு நீக்கப்பட்டுப் புதியது விரிக்கப்படும்; பூக்கள் வைக்கப்படும். மாலையில் குடும்பத்தார் கூடிச் செபமாலை சொல்வர். பாட்டி முன்மொழிய மற்றவர்கள் வழிமொழிவர்.

பேதுருவின் உருவத்தை எந்த ஓவியத்திலும் எளிதாக அடையாளம் காணலாம். அவர் கையில் சாவி இருக்கும். விண்ணக அரசின் சாவிகளை இயேசு அவரிடம் ஒப்படைத்தார் என்பது விவிலியச் செய்தி. 'சாவி' என்னும் சொல்லைத் தமிழுக்குத் தந்ததும் போர்த்துகீசிய மொழியே. அங்கு 'சாவே' என்பர். சன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், அன்னாசி, கொய்யா ஆகியனவும் அந்த வழியாகத் தமிழுக்கு வந்தவையே. மலாய்மொழியில் உள்ள ஜெண்டேலா, மேஜா, அல்மாரி, கெரேஜா முதலியவற்றின் மூலமும் அதுவே. ஒரு கிறிஸ்தாங் வீட்டின் முன்கூடத்தில் தமிழரும் மலாய்க்காரரும் அமர்ந்து, கண்ணில் படும் பொருள்களைத் தத்தம் மொழியில் சொல்லிப் பார்த்தால், மூவரும் உறவினர் போல ஒலிப்பதைக் கேட்கலாம்.

இனி அடுக்களைக்குச் செல்வோம். விழாக்கால உணவுகளுள் பெயர் பெற்றது டெபல் குழம்பு. கிறிஸ்துமஸ் நாளில் இது கட்டாயம் இருக்கும். மற்ற விழாக்களிலும் விருந்தினர் எதிர்பார்ப்பது இதைத்தான். மிளகாய், சின்ன வெங்காயம், இஞ்சி, லெங்குவாஸ், செராய், புவா கெராஸ் ஆகியவற்றை அரைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்குவர். கோழியும் உருளைக்கிழங்கும் சேரும். கடுகும் காடியும் இல்லாமல் டெபல் இல்லை. காடி போர்த்துகீசிய அடுக்களையின் வழக்கம், கடுகு இந்திய அடுக்களையின் வழக்கம், லெங்குவாஸும் செராயும் மலாய் அடுக்களையின் வழக்கம். ஒரே சட்டியில் ஐந்நூறு ஆண்டு வரலாறு கொதிக்கிறது. காடி ஊற ஊறச் சுவை கூடுமென்பதால், முதல்நாளே சமைத்து வைத்து மறுநாள் உண்பதையே பலர் விரும்புவர். உண்ணும்போது கண்ணில் நீர் வருவது இயல்பு. அதற்காக யாரும் வருந்துவதில்லை.

பாங் சூசீஸ் என்பது சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்துப் பிசைந்த மாவினுள் கொத்திறைச்சி வைத்துச் சுடும் ரொட்டி. 'பாங்' என்றால் ரொட்டி. சூஜி கேக் ரவையாலும் வெண்ணெயாலும் ஆனது. தணலில் சுட்ட மீன், மசாலாவில் ஊறிய கணவாய், சம்பால் பெலாச்சான் எனப் பட்டியல் நீளும். இவற்றின் செய்முறை பெரும்பாலும் ஏட்டில் இருப்பதில்லை. 'கை அளவு', 'கண் அளவு' என்றுதான் சொல்லிக்கொடுப்பர். பேத்தி பாட்டியின் அருகே நின்று, எண்ணெயின் நிறம் மாறும் நேரத்தைப் பார்த்துப் பழக வேண்டும். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் குடியேறிய உறவினர்கள் விழாவுக்கு வரும்போது முதலில் நுழைவது அடுக்களைக்குள்தான். அண்டை வீட்டாரும் பிற இனத்து நண்பர்களும் வருவர். 'தேங் போங்?' என்று நலம் விசாரித்து வரவேற்பர். விடைபெறும்போது விருந்தினர் 'மூத்து மெர்சே' என்று நன்றி கூறினால் வீட்டார் அகமகிழ்வர்.

உணவைப் பற்றிப் பேசும்போது கெராகாவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு இறால் அது. ஒரு காலத்தில் கிறிஸ்தாங் மக்களைக் 'கெராகாவ்' என்றே மற்றவர்கள் கேலியாக அழைத்ததுண்டு. இந்த இறாலைப் பிடிக்கப் படகும் தேவையில்லை. லங்கியாங் என்னும் வலையே போதும். இரண்டு நீண்ட கழிகளைக் கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பிணைத்து, இடையே நுண்ணிய கண்களுடைய வலையைக் கட்டியிருப்பர். மீனவர் இடுப்பளவு, மார்பளவு நீரில் இறங்கி, கழிகளைச் சேற்றில் ஊன்றித் தள்ளியபடியே நடப்பார். சொல்வதற்கு எளிது. ஈரமான வலையின் கனமும், காலை இழுக்கும் சேறும், மார்பில் மோதும் அலையும் சேர்ந்து ஒரு மணி நேரத்திலேயே உடலைச் சோர்வடையச் செய்யும்.

கரைக்கு வந்த இறால் வீட்டுக்குப் போகும். அங்கே பெண்களின் வேலை தொடங்கும். குப்பைகளை நீக்கி, உப்பும் சோறும் கலந்து, புட்டியில் அடைத்துச் சில நாள் புளிக்கவிட்டால் சிஞ்சாலோக் கிடைக்கும். உப்பிட்டு உலர்த்தி, இடித்து, மறுபடியும் உலர்த்தினால் பெலாச்சான். பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் இந்தப் புட்டிகளிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே சான் பெட்ரோ நாளில் கடலுக்கு நன்றி சொல்வது வெறும் சடங்கன்று. வீட்டுக் கணக்கு அதில் அடங்கியிருந்தது.

ஜூன் 29 அன்று திருப்பலி நிறைவேறும். மீனவர்கள் தங்கள் படகுகளைக் கழுவி வண்ணம் தீட்டிக் கரையில் நிறுத்துவர். வண்ணக் காகிதத் தோரணங்கள், கொடிகள், மின்விளக்குச் சரங்கள், பூக்கள், பேதுருவின் உருவம் ஆகியவற்றால் அவற்றை அழகுபடுத்துவர். சில படகுகளில் விவிலியக் காட்சிகளும் இடம்பெறும். எது அழகிய படகு என்று போட்டியும் உண்டு. படகை அலங்கரிப்பது ஒருவரால் முடியும் வேலையன்று. தந்தை பலகையைச் செப்பனிட, தாய் துணி தைக்க, பிள்ளைகள் காகிதம் வெட்ட, மாமன்மார் விளக்குக்குக் கம்பி இழுப்பர். குருவானவர் ஒவ்வொரு படகாகச் சென்று புனித நீர் தெளித்து ஆசி வழங்குவார். ஆபத்தின்றிப் போய்த் திரும்ப வேண்டும், வலை நிறைய வேண்டும் என்பவையே வேண்டுதல்கள். வேண்டுதலின்போது மனைவியரின் முகங்களைப் பார்ப்பவர்களுக்கு, முதல் வேண்டுதலே அவர்களுக்கு முக்கியம் என்பது விளங்கும்.

இரவில் பாட்டும் ஆட்டமும் தொடங்கும். வயலினும் முரசும் ஒலிக்கப் பிராஞ்ஞோ ஆடுவர். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, தொடாமல், அடியெடுத்து வைத்து ஆடும் ஆட்டம் இது. மலாய் ஜோகெட் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு. 'ஜிங்க்லி நோனா' பாடல் ஒலித்தால் முதியவர்களின் கால்களும் சும்மா இருப்பதில்லை.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் நினைவில் கொண்டுபோவது வேறொரு காட்சியை. மேடையில், கறுப்பு அங்கியும் சிவப்புப் பாவாடையும் அணிந்து போர்த்துகீசிய நாட்டுப்புற ஆடல்களை ஆடும் இளைஞர்களை அவர்கள் படமெடுக்கிறார்கள். அது மிகப் பழைய மரபென்று கருதுகிறார்கள். உண்மையில் அந்த ஆடல்களும் உடைகளும் 1950களில்தான் இங்கு அறிமுகமாயின. அவர்கள் நின்று பார்க்கும் போர்த்துகீசியச் சதுக்கமோ 1980களில் கட்டப்பட்டது. இதில் குறை காண ஒன்றுமில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கைச் சேர்ப்பது இயல்பே. ஆனால் பழமையைத் தேடி வருபவர்கள் மேடைக்கு எதிர்ப்புறம் திரும்ப வேண்டும். வாசலில் உருகி வழிந்த மெழுகும், அடுக்களையின் காடி மணமும், பாட்டி பேரனை அதட்டும் மொழியும் அந்த மேடையைவிட மிகப் பழையவை.

அந்த மொழிக்கு இப்போது இடர் நேர்ந்துள்ளது. முதியவர்கள் கிறிஸ்தாங்கில் பேசுகிறார்கள்; நடுவயதினர் புரிந்துகொள்கிறார்கள்; இளையோரில் பலர் ஆங்கிலத்திலோ மலாயிலோ பதில் சொல்கிறார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் இம்மொழிக்கு இடமில்லாததால், வீட்டில் விட்டுப்போனால் அதற்கு வேறு புகலிடம் இல்லை. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு 'கோட்ரா கிறிஸ்தாங்' என்னும் முயற்சி தொடங்கப்பட்டது. 'கோட்ரா' என்றால் விழித்தெழு. பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அதில் இலவசமாக மொழி வகுப்புகள் நடத்தப்பட்டன. தாத்தாவின் மொழியை வகுப்பறையில் அமர்ந்து கற்க வேண்டிய நிலையில் பேரப்பிள்ளைகள் இருப்பதைத் தமிழ் மாணவர்கள் எளிதில் உணர்ந்துகொள்வர்.

கடலும் முன்போல் இல்லை. குடியிருப்பை ஒட்டிய கரையோரத்தில் கடந்த சில பத்தாண்டுகளாக மண் கொட்டிக் கடல் தூர்க்கப்பட்டுள்ளது. புதிய நிலம் எழுந்த இடங்களில் லங்கியாங் தள்ளும் ஆழமற்ற நீர்ப்பரப்பு மறைந்தது. சேறும் நீரோட்டமும் மாறின. கெராகாவ் வரும் பருவத்திலும் வலை முன்போல் நிறைவதில்லை என மீனவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வளர்ச்சித் திட்டங்கள் வேலைவாய்ப்பைக் கொண்டுவரும் என்பது ஒரு சாராரின் கருத்து. எந்த வேலையும் எங்கள் கடலுக்கு ஈடாகாது என்பது முதிய மீனவர்களின் கருத்து. இதற்கிடையே, படித்த பிள்ளைகள் அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். அதைப் பிழையென்று யாரும் கூற முடியாது. மகன் தன்னைப் போல மார்பளவு சேற்றில் நடக்க வேண்டாம் என்று விரும்பிய தந்தையர் பலர்.

மீனவர்கள் குறைந்துவிட்ட ஊரில் மீனவர் விழா எப்படி நடக்கும்? இக்கேள்விக்கு ஊரார் ஒரே விடையைச் சொல்வதில்லை. படகு இல்லாவிட்டால் ஆசி எதற்கு என்று கேட்பவர் உண்டு. கடலுக்குப் போகாதவரும் பேதுருவின் பிள்ளைதான் என்பவரும் உண்டு. விழா நாளன்று மட்டும் பெர்த்திலிருந்து வந்து படகுக்குத் தோரணம் கட்டும் ஒருவருக்கு மீன்பிடிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் முடிச்சுப் போடும் முறையைத் தன் மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கேட்பதும் சொல்வதும் கிறிஸ்தாங்கில் நடந்தால் முதியவர்களுக்கு அது இரட்டிப்பு மகிழ்ச்சி.

விழா முடிந்த மறுநாள் காலையில் விளக்குச் சரங்கள் அவிழ்க்கப்படுகின்றன. உபரியான டெபல் மறுபடியும் சூடாகிறது. வெளியூர்க்காரர்கள் சிஞ்சாலோக் புட்டிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். வழியில் உடைந்தால் பெட்டியிலுள்ள துணியெல்லாம் நாறும் என்பதால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவது வழக்கம். தொழிலை இன்னும் விடாத சிலர் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுப் பக்கச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் லங்கியாங் கழிகளைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள். கடல் இருக்கும் திசை மாறவில்லை. முன்னைவிடச் சற்று அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.